வலது தொடை

வேட்டி முடிச்சைத் தொட்ட கை அங்கேயே நின்றுவிட்டது. செங்கேணிக்கு அதை அவிழ்க்கத் தைரியம் வரவில்லை.

அண்ணன் கன்னியப்பன் வாசலில் போட்ட மரபெஞ்சின் மேல் நீட்டிக் கிடந்தார். நாலு பேர் நாலு பக்கமும் புடவையை விரித்து மறைப்புப் பிடித்திருந்தார்கள். தலைமாட்டில் எண்ணெயும் சீயக்காயும். கால்மாட்டில் தண்ணீர்க் குடங்கள். பிள்ளை இல்லாத வீடு, குளிப்பாட்ட வேண்டியது தம்பிதான். நேற்று துரியோதனன் வேஷத்துக்குப் பூசிய அரிதாரம் அண்ணனின் காதோரத்தில் இன்னும் ஒட்டியிருந்தது. மையால் வரைந்த மீசையில் பாதி கன்னத்தில் இழுத்துக்கொண்டு கிடந்தது. அதெல்லாம் எண்ணெய் வைத்துத் தேய்த்தால் போய்விடும். செங்கேணியின் கண் போன இடம் வேறு. வலது தொடைமேல், இடுப்புக்குச் சற்றுக் கீழே, வேட்டியில் சிவப்பாய் ஒரு பெரிய கறை காய்ந்து பழுப்பேறியிருந்தது.

"இன்னா செங்கேணி, நின்னுக்கினே கீற? பொழுது போகுது இல்ல?" என்றான் மறைப்புப் பிடித்திருந்த வெங்கடேசன். அவனுக்கு அவன் அவசரம். ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் அவன்தான் தருமர். சாயங்காலம் அவனுக்குப் பட்டாபிஷேகம். ஊரில் பிணம் கிடக்கும்போது கோயில் கதவு திறக்காது. துரியோதனன் கிளம்பினால்தான் தருமருக்குக் கிரீடம்.

"அவன் எப்படித் தொடுவான்?" என்று புடவைக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் எழுந்தது. முனிரத்தினம். அண்ணி தாயாரம்மாளின் அண்ணன், தாமல் ஊர்க்காரர். பேச ஆரம்பித்தால் அவர் ஊர் ஏரியின் மதகைத் திறந்துவிட்ட மாதிரிதான். "நான் அப்பவே தலபாடா அடிச்சிக்கினேன். தொடையில ஓட்டை போட்டு நெஞ்சுல வேல செய்யறானாம். கேக்கறவன் கேனயனா? நேத்து இவன் போட்ட போடுல அந்த ஓட்டை புட்டுக்கிச்சி. அதான் ரத்தம்! எம் மாப்ள தொடையிலதான் செத்தாரு."

மேளக்காரர்கள்கூடக் குச்சியை இறக்கிவிட்டார்கள்.

"ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போயி, அறுத்துப் பாத்து, இன்னான்னு தெரியணும். அது வரைக்கும் நான் கோடி போடமாட்டேன்." முனிரத்தினம் கையில் இருந்த புதுத் துணியை அக்குளில் இடுக்கிக்கொண்டார். பெண் கொடுத்த வீட்டுக் கோடி விழாமல் பாடை எழும்பாது. அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

செங்கேணி அண்ணனின் நெஞ்சைப் பார்த்தான். இந்த நெஞ்சைக் கீறக்கூடாது என்றுதானே அத்தனை பாடு பட்டார்கள்.

போனதுக்கு முந்தின ஐப்பசி வரைக்கும் கன்னியப்பனுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது. அப்புறம் பம்புசெட்டுக்கு நடக்கிற வரப்பில் நின்று நின்று மூச்சு வாங்கினார். கூத்து ஒத்திகையில் ஒரு சுற்று சுற்றினார், கிரீடத்தோடு சாய்ந்துவிட்டார். எப்படியோ அந்த வருஷத் திருவிழாவை ஒப்பேற்றிவிட்டுச் சென்னைக்குக் கூட்டிப் போனார்கள். இதயத்து வால்வில் சுண்ணாம்பு ஏறிக் கெட்டிப்பட்டுப் போச்சு, ரத்தம் வெளியே வர வழி இல்லை, வேறு வால்வு வைக்க வேண்டும் என்றார் டாக்டர். பீடி குடித்த நுரையீரல், நெஞ்சைத் திறந்தால் தாங்காது. தொடை இடுக்கில் ஓடுகிற பெரிய ரத்தக்குழாய் வழியாகவே வால்வை மடித்து உள்ளே அனுப்பி, இதயத்தில் கொண்டுபோய் விரித்துவிடலாம், வலது தொடை வசதியாக இருக்கிறது என்றார்.

கன்னியப்பன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "நெஞ்ச வேண்ணா பொளந்துடுங்க சார். தொடை மட்டும் வேணாம்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நெஞ்சைத் திறக்க வேண்டாம் என்றால் எல்லோரும் கும்பிடு போடுவார்கள், இது என்ன தலைகீழ் கேஸ் என்று பார்த்தார். செங்கேணிதான் விளக்கினான்.

"சார், எங்க அண்ணன் துரியோதனன்."

டாக்டர் இன்னும் கவலையாகப் பார்த்தார். எந்த வார்டுக்கு அனுப்பலாம் என்று யோசித்திருப்பார் போல. அப்புறம் முழுக் கதையையும் சொன்னார்கள். அண்ணன் துரியோதனன், தம்பி பீமன். வருஷா வருஷம் கடைசிச் சண்டை நடக்கிற படுகளத்தில் பீமன் கதையால் தொடையில் அடிக்க, துரியோதனன் விழுந்து சாவான். இளவட்டமாய் இருந்த காலத்திலிருந்து அந்தத் தொடையில்தான் கன்னியப்பனுக்குச் சாவு. அந்த இடத்தில் நிஜமாகவே ஒருவர் கத்தி வைக்கிறேன் என்றால் எப்படி ஒப்புவார்?

ஆஸ்பத்திரி நடையில் கொண்டுவந்து உட்கார வைத்து எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். கேட்கவில்லை. கடைசியில் தாயாரம்மாள்தான் புடவைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"வருஷா வருஷம் தொடையிலதான சாவற? ஒரு வருஷம் தொடையில பொழச்சிட்டு வாயேன்."

கன்னியப்பன் அவளை அண்ணாந்து பார்த்தார். அவ்வளவுதான், ஆள் மடங்கிவிட்டார்.

ஆனால் டாக்டர் அறைக்குத் திரும்புமுன் தம்பியைத் தனியாக இழுத்தார். "டேய், நான் எதுல வேணா சாவறேன். பாம்பு கடிச்சி சாவறேன், பஸ்ல அடிபட்டு சாவறேன். தொடையில மட்டும் சாகக்கூடாது. செத்தா இன்னா ஆவும் தெரியுமா? வேஷமே ஆளக் கொன்னுட்ச்சின்னுவானுங்க. இந்த ஊர்ல எவனும் துரியோதனன் கட்டமாட்டான். அடிச்சவன் நீ, உன்ன கொலகாரன்னுவானுங்க. தையல் நிக்குமான்னு நல்லா கேட்டுக்கோ."

செங்கேணிக்கு வேலை உத்திரமேரூர் நெல் மண்டியில், மூட்டை வாய் தைப்பது. நூல் விஷயத்தில் அவனை ஏய்க்க முடியாது. டாக்டரைக் குடைந்து எடுத்துவிட்டான். சின்ன ஊசி ஓட்டை என்றால் கையால் அழுத்திப் பிடித்தாலே மூடிக்கொள்ளும், இதில் போகிற குழாய் சுண்டு விரல் பருமன், ஆகவே வேறு மாதிரி செய்வோம் என்றார் அவர். பெரிய குழாய் போவதற்கு முன்னாலேயே ரத்தக்குழாயின் சுவரில் நூலைக் கோத்து, நுனியை வெளியே விட்டு வைத்துவிடுவார்கள். வேலை முடிந்து குழாயை உருவும்போது நூலை இழுத்தால் வாய் இறுகிவிடும்.

செங்கேணி விரலால் காற்றில் ஒரு நூலை இழுத்துப் பார்த்தான். "சுருக்குப்பை மாதிரியா சார்?"

டாக்டர் சிரித்துவிட்டார். "சுருக்குப்பையேதான்."

அது போதும் அவனுக்கு. அண்ணனுக்கும் அப்படியே போய்ச் சொன்னான். முடிந்து வெளியே கொண்டுவந்தபோது நெஞ்சில் ஒரு கீறல் இல்லை. வலது தொடை இடுக்கில் ஒரு சின்ன பிளாஸ்திரி. காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும், அந்த இடம் உருண்டையாய் வீங்கினாலோ, கருநீலம் படர்ந்தாலோ உடனே கூப்பிட வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். செங்கேணி கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். கோழி முட்டையைக் காக்கிற மாதிரி அந்தத் தொடையைக் காத்தான். வீங்கவில்லை. கறுக்கவில்லை. ஊருக்கு வந்த பிறகு கன்னியப்பன் வரப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே மூச்சில் நடந்தார். யாரும் பார்க்கவில்லையோ என்று திரும்பி இன்னொரு தரம் நடந்தார்.

அந்த நடைதான் நேற்று படுகளத்தில் ஓட்டமாயிற்று.

கோயில் மைதானத்தில் களிமண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடந்தான், ஒரு கழனி அகலத்துக்கு. அவன் தொடைக்குள் சிவப்புத் தண்ணீர் நிரப்பிய பானையைப் புதைத்திருந்தார்கள். அந்தச் சிவப்பைத் துரியோதனன் வேஷம் கட்டுகிறவர் வீட்டிலிருந்துதான் கொண்டுவர வேண்டும் என்பது ஊர் வழக்கம். சாகிறவன் வீட்டிலிருந்துதான் ரத்தம் வர வேண்டும். தாயாரம்மாள் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து பித்தளைச் சொம்பில் கலந்து கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இன்னொரு வழக்கமும் உண்டு. படுகளத்தில் விழுந்தவன் பட்டாபிஷேகம் முடிகிறவரைக்கும் குளிக்கவும் கூடாது, சிவப்புப் பட்ட துணியை மாற்றவும் கூடாது.

போன வருஷம் அண்ணனை இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்து ஓட வைத்தார்கள். பார்க்கிறவர்களுக்கே பாவமாக இருந்தது. நேற்றோ, பீமனுக்கு மூச்சு வாங்கிற்று. கன்னியப்பன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு களிமண் உருவத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார், நின்று தொடையைத் தட்டினார், செங்கேணி நெருங்கினால் மறுபடி பிடித்தார் ஓட்டம். ஊர் எழுந்து நின்று விசில் அடித்தது. "கன்னியப்பா, வுடாத!" என்று பாண்டவர் பக்கத்துப் பெண்களே கத்தினார்கள். துரியோதனன் ஜெயித்துவிடுவானோ என்று ஒரு நிமிஷம் எல்லோருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. செங்கேணிக்குப் பெருமை தாங்கவில்லை. வியர்வையா கண்ணீரா என்று தெரியாமல் மீசைச் சாயம் வாய்க்குள் போயிற்று.

பேசி வைத்திருந்தது இடது தொடை. அண்ணன் இடது காலை முன்னே வைப்பார், செங்கேணி துணி சுற்றிய கதையால் அதில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அதே வீச்சில் களிமண் தொடையை உடைக்க வேண்டும். கதை ஓங்கியாயிற்று, வீசியாயிற்று. அந்தக் கணத்தில் அண்ணன் இடுப்பைத் திருப்பி வலது தொடையை நீட்டினார். வேண்டுமென்றே நீட்டினார்! நிறுத்த முடியவில்லை. தொப்பென்று விழுந்தது அடி. பானை உடைந்து சிவப்பு பீறிட்டது, இருவர் மேலும் தெறித்தது. துரியோதனன் சாய்ந்தான்.

செங்கேணி அப்படியே குனிந்துவிட்டான். "ண்ணா! ண்ணா!"

கண்ணை மூடிக் கிடந்தவரின் உதடு மட்டும் அசைந்தது. "சுருக்கு நிக்குதுடா. மூஞ்ச மாத்து. பீமன் அழக்கூடாது."

அப்புறம் திரௌபதிக்குக் கூந்தல் முடித்தார்கள். பெண்கள் துரியோதனனைச் சுற்றி உட்கார்ந்து மாரடித்து அழுதார்கள். சாயங்காலம் தீமிதியை அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார், சிவப்பு வேட்டியோடு, ராஜா மாதிரி. வந்தவனுக்கெல்லாம் தொடையைத் தட்டிக் காட்டினார். வீட்டுக்குப் போய்க் கறிக்குழம்பு கேட்டாராம், திருவிழா முடியாமல் ஏது கறி என்று அண்ணி திட்டினாளாம், சிரித்துக்கொண்டே படுத்தாராம். காலையில் டீயோடு எழுப்பப் போனவளுக்குக் கைதான் தட்டுப்பட்டது, சில்லென்று. உத்திரமேரூரிலிருந்து வந்த டாக்டர், எழுபதை நெருங்கிய உடம்பு, தூக்கத்திலேயே போயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். வேட்டியை அவர் அவிழ்த்துப் பார்க்கவில்லை. நேற்று அழுத அதே பெண்கள் இன்று வந்து அழுதார்கள். எங்கே நிறுத்துவது என்று நேற்றுத் தெரிந்திருந்தது, இன்று தெரியவில்லை.

"அவுத்துப் பாரேன்டா, பயமாக்கீதா?" என்றார் முனிரத்தினம்.

பயமாகத்தான் இருந்தது. கீழே வீங்கியிருந்தால்? கருநீலமாய் இருந்தால்? தன் கையால் அண்ணனைக் கொன்றவன் என்று ஊர் சொல்வது இருக்கட்டும், தனக்கே தெரிந்துவிடுமே. அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் கெடுத்தது இந்தக் கைதான் என்று ஆகிவிட்டால் அப்புறம் எதற்கு உயிரோடு இருப்பது என்று தோன்றியது அவனுக்கு. முடிச்சை இழுத்தான். வேட்டியை உருவி வெங்கடேசன் கையில் கொடுத்தான். ஒரு சொம்புத் தண்ணீரை அந்த இடத்தில் ஊற்றி, உள்ளங்கையால் துடைத்தான்.

தொடை தொடையாகவே இருந்தது. வீக்கம் இல்லை. நீலம் இல்லை. கன்றிப்போன தடம்கூட இல்லை. இடுக்கில், கொசு கடித்து ஆறிய மாதிரி ஒரு சின்ன வடு. செங்கேணி விரலால் அதைச் சுற்றிலும் அழுத்திப் பார்த்தான். ஆஸ்பத்திரி ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்த அதே இடம், அதே மாதிரி.

"ஒண்ணும் இல்ல," என்றான். புடவைக்கு மேலே தலையைத் தூக்கிக் கத்தினான். "ஒண்ணும் இல்ல! வந்து பாரு மாமா! சுருக்கு நிக்குது!"

முனிரத்தினம் புடவையை விலக்கிக்கொண்டு வந்து குனிந்தார். நன்றாகவே பார்த்தார். அவருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் மதகைத் திறந்த பிறகு அவ்வளவு சுலபமாய் மூடவும் வராதே. "அப்ப துணியில கீறது?" என்று வேட்டியைப் பிடுங்கி உயர்த்திக் காட்டினார். "இவ்ளோ ரத்தம் எங்கருந்து வந்துச்சி? களிமண் பானைல ஊத்தனது ஒரு ராத்திரில இப்பிடியா கறுத்துப் போவும்? நானும் உலகம் பாத்தவன்தான்."

கூட்டத்தில் சில தலைகள் ஆடின.

அப்போது பெண்கள் கூட்டம் இரண்டாய்ப் பிரிந்தது. தாயாரம்மாள் எழுந்து வந்தாள். அவளைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தப் பார்த்தார்கள், இந்த நேரத்தில் வரக்கூடாது என்று. அவள் கையை உதறினாள். நேற்றுப் பூசாரி அம்மன் மடியிலிருந்து எடுத்துத் துரியோதனனுக்குக் கொடுத்த எலுமிச்சம்பழம் அவள் கையில் இருந்தது. மாடத்தில் வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"ரத்தமா இது?" என்றாள் தன் அண்ணன் முனிரத்தினத்தைப் பார்த்து. "மஞ்ச அரைச்சவ நானு. சுண்ணாம்பு கலந்தவ நானு. எனக்குத் தெரியாத ரத்தமா?"

பழத்தைப் பல்லால் கடித்துப் பிய்த்தாள். முனிரத்தினம் பிடித்திருந்த வேட்டியின் கறை மேல் அப்படியே பிழிந்தாள்.

சாறு பட்ட இடத்தில் சிவப்பு கரைந்து ஓடியது. அடியிலிருந்து மஞ்சள் பளிச்சென்று எழுந்தது. அவள் இன்னும் பிழிந்து, கட்டை விரலால் தேய்த்தாள். மஞ்சள் வட்டம் பெரிதாகிக்கொண்டே போயிற்று. ஆரத்தித் தட்டில் எலுமிச்சை விழுந்தால் ஆவதுதான், அங்கே நின்ற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் எல்லோரும் கண்கொட்டாமல் பார்த்தார்கள். "மஞ்சதான்டி," என்றாள் ஒருத்தி. பின்னாலிருந்து எவனோ ஒருவன் அடக்க முடியாமல் ஒரு விசில் அடித்துவிட்டான். இழவு வீட்டில் விசிலா என்று யாரும் திட்டவில்லை.

முனிரத்தினம் வேட்டியை முகர்ந்து பார்த்தார். மஞ்சள் வாசனை. பெஞ்சில் கிடந்தவரைப் பார்த்தார், அந்தத் தொடையைப் பார்த்தார். அவர் முகம் கோணிற்று.

"எம் மாப்ளடா!" என்றார். நெஞ்சில் ஓங்கி அறைந்துகொண்டார். "தொடையில சாகலடா எம் மாப்ள! பீமனே அடிச்சும் சாகல! டேய் மேளம், இன்னாத்துக்குடா நின்னுக்கினு கீறீங்க? அடிங்கடா!" கோடித் துணியை உதறி விரித்தார்.

மேளம் எழுந்தது. செங்கேணி அப்போதுதான் அழுதான். அண்ணன் போய்விட்டார் என்பது அவனுக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தது. அந்தத் துக்கத்தோடு துக்கமாய், தலைகால் புரியாத ஒரு சந்தோஷமும் கூடவே கிளம்பி அவனை உலுக்கியது. அழுதுகொண்டே அரிதாரத்தைத் தேய்த்துக் கழுவினான். சீயக்காய் போட்டான். மீசையை மட்டும் அழிக்காமல் விட்டான். அது இருக்கட்டும் என்று எல்லோருமே சொன்னார்கள்.

அந்த மாதிரி ஒரு சாவு ஊர்வலத்தை அந்தப் பக்கம் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். முனிரத்தினம் முன்னால் ஆடிக்கொண்டு போனார், தொடையைத் தட்டித் தட்டி. அவரைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். பெருநகர் போகிற பஸ் நின்று வழிவிட்டது, உள்ளே இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள், இது கல்யாணமா சாவா என்று. கோயில் மைதானத்தில் களிமண் துரியோதனன் தொடை உடைந்து கிடந்தான். பாடை அவனைத் தாண்டிப் போனபோது மேளக்காரர்கள் நின்று ஒரு ஆவர்த்தம் வாசித்துவிட்டு நடந்தார்கள். செங்கேணி கொள்ளி வைத்தான்.

சாயங்காலம் வெங்கடேசனுக்குப் பட்டம் கட்டக் கோயில் திறந்தது. தீட்டுக்காரர்கள் போக முடியாது. செங்கேணி அண்ணன் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். மைதானத்திலிருந்து ஒலிபெருக்கி கரகரத்தது. கொடியில் அந்த வேட்டி காய்ந்துகொண்டிருந்தது, நடுவில் மஞ்சளாய்.

தாயாரம்மாள் உள்ளிருந்து பித்தளைச் சொம்பை எடுத்து வந்து அவன் பக்கத்தில் வைத்தாள். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது இனி துரியோதனனைத் தானே கட்டுவது என்று மனசுக்குள் ஓடியதை அவன் வாய்திறந்து யாரிடமும் சொல்லவில்லை.

"இது இனிமே உன் வூட்ல இருக்கட்டும் தம்பி," என்றாள்.

செங்கேணி சொம்பைக் கையில் எடுத்தான். "அப்ப பீமனுக்கு ஆளு?"

"எங்க அண்ணன் கீறாரே. கதய குடுத்துப் பாரு. நல்லாத்தான் அடிப்பாரு."

அவள் சிரித்தாள். சிரித்த வாயைத் தலைப்பால் மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

வீட்டுக்கு வந்து சொம்பை மனைவி கீதாவிடம் நீட்டினான். அவள் அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அலமாரியில் பருப்பு டப்பாக்களை ஒரு பக்கமாக ஒதுக்கி இடம் பண்ணினாள். சொம்பின் வாயில் சிவப்பு இன்னும் ஒட்டியிருந்தது. அப்படியே வைத்தாள்.

"கழுவலயா?" என்றான்.

"பட்டாபிஷேகம் முடியட்டும்," என்றாள் கீதா.